அழற்றூணும் அண்ணாமலையும்

முன்னுரை

தமிழகத்துச் சிவன் கோயில்களில் கருவறையை வலம் வருவோர், தென்சுவரில் ஆலமர் செல்வனையும், மேலைச் சுவரில் இலிங்கோற்பவரையும், வடசுவரில் நான்முகனையும் முறையே காண்பர். இவற்றுள் நடுவண் நிற்கும் இலிங்கோற்பவர் வடிவம், அடியும் முடியும் அறியவொண்ணாத அழற்றூணாகச் சிவபெருமான் நின்ற வரலாற்றைக் கல்லில் உணர்த்துவது. திருமால் ஏனமாகி நிலம் அகழ்ந்து அடியையும், நான்முகன் அன்னமாகி விண் பறந்து முடியையும் தேடிக் காணாது எய்த்தனர் என்பதே அவ்வரலாறு.

இவ்வரலாறு நிகழ்ந்த இடம் திருவண்ணாமலை என்றும், அவ்வழற்றூணே குளிர்ந்து மலையாயிற்று என்றும் தலபுராணங்கள் கூறும். அது கொண்டு, கதையும் சிற்பமும் கார்த்திகைத் தீபமும் ஆகிய மூன்றும் அம்மலையினின்றே தோன்றிப் பிற ஊர்களுக்குப் பரவின என்று கருதுவார் பலர். இக்கருத்துக் காலமுறையோடு பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி. இலக்கியச் சான்றுகளையும் சிற்பச் சான்றுகளையும் அவ்வவற்றின் காலத்தில் நிறுத்தி நோக்கின், மூன்றும் தனித்தனியே வளர்ந்து பின்னரே அண்ணாமலையிற் கலந்தன என்பது புலனாகும். அக்கலப்பு நிகழ்ந்த நெறியைத் தமிழ்ச் சொற்களின் இலக்கணமே நமக்குக் காட்டுகின்றது என்பது இங்கு வலியுறுத்தப்பெறும்.

தேவாரத்தில் அடிமுடி தேடிய வரலாறு

திருஞானசம்பந்தர் தம் பதிகங்களில் ஒரு வரன்முறையைப் போற்றினார். எட்டாம் பாடலில் இராவணன் செருக்கழிந்ததும், ஒன்பதாம் பாடலில் மாலும் அயனும் தேடிக் காணாததும், பத்தாம் பாடலில் சமண சாக்கியரை மறுத்தலும் பெரும்பாலும் அமையும். எனவே, அவர் பாடிய ஊர்களுள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் அடிமுடி தேடிய வரலாறு ஒலித்தது. கடற்கரைப் பதியாயினும் காவிரிக்கரைப் பதியாயினும், அங்கு எழுந்தருளிய இறைவனே அளவிறந்த அழலாய் நின்றவன் என்பது அவர்தம் கொள்கை. ஏழாம் நூற்றாண்டில் இவ்வரலாறு யாதேனும் ஓர் ஊர்க்கே உரியதாகக் கருதப்பட்டிருப்பின், அதனை ஒவ்வோர் ஊரின் பெயரோடும் இணைத்துப் பாடுதல் இயல்பாகாது.

அண்ணாமலைக்குரிய பதிகங்களே இதனை மேலும் தெளிவாக்கும். அத்தலத்தின்மேல் சம்பந்தர் பாடிய பதிகங்கள் இரண்டு. அப்பர் பாடியவை மூன்று. சம்பந்தர் பதிகங்கள் இரண்டும் குறிஞ்சி வளம் மிக்கவை. ஒன்றில் மணி கொழித்து வரும் அருவித் திரள் முழவுபோல் அதிர்கின்றது. மற்றொன்றில் வேடர் மகளிர் இதணமேறிக் கிளி கடிகின்றனர். பன்றியும் மானும் கரடியும் இழியும் இரவில் யானைத் திரள் சாரலை வந்தடைகின்றது.

இப்பதிகங்களின் ஒன்பதாம் பாடல்கள் நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதவை. முதற் பதிகத்தில், அளக்கவியலாத வண்ணம் அழலானவன் அண்ணாமலை அண்ணல் எனப் போற்றப்படுகின்றான். இங்கு அழலானவன் இறைவன். மலை அவனுக்கு உரியது. இரண்டாம் பதிகத்தின் ஒன்பதாம் பாடல் இதனினும் நுட்பமானது. மாலும் அயனும் தேடிக் காணாத பெருமான் என்று தொடங்கிய ஆசிரியர், உடனே சாரலை நோக்குகின்றார். அங்கே முதிய மூங்கில்கள் உகுத்த முத்துகளைக் குறமகளிர் குவித்து வைத்து, கொள்ள வாருங்கள் என்று பிறரை அழைத்து, ஆடியும் பாடியும் அளக்கின்றனர். தேவர் இருவராலும் அளக்கப்படாதவன் உறையும் மலையில், குறமகளிர் கையில் முத்து அளவுபடுகின்றது. இம்முரண் அப்பாடலின் அழகு.

வரலாற்று நோக்கில் இதனை ஆராயின் ஓர் உண்மை வெளிப்படும். அடிமுடி தேடிய செய்தியும் மலையின் காட்சியும் ஒரே பாடலில் அடுத்தடுத்து நின்றும், மலைதான் அவ்வழல் என்னும் குறிப்பு அங்கு இல்லை. மலை, குறவர் வாழும் மலையாகவே நிற்கின்றது. அக்கருத்து ஆசிரியர் காலத்தில் வழங்கியிருப்பின், அதனைச் சொல்லுதற்கு இதனினும் ஏற்ற இடம் வேறில்லை. கூறாமையை மட்டுமே சான்றாகக் கொள்ளுதல் ஆராய்ச்சி நெறியன்று என்பது உண்மையே. ஆயின், இங்கு இருப்பது வெறும் கூறாமையன்று. இரண்டையும் எடுத்துக் கூறியும் ஒன்றென்று கூறாமை. அதனால் இது வலிய சான்றாகின்றது.

இலிங்கபுராணக் குறுந்தொகை

இவ்வரலாற்றை ஒரு பதிகம் முழுவதற்கும் பொருளாக்கியவர் திருநாவுக்கரசர். ஐந்தாம் திருமுறையில் உள்ள இலிங்கபுராணக் குறுந்தொகை பொதுப் பதிகமாக வகுக்கப்பெற்றுள்ளது. எந்த ஊருக்கும் உரியதன்று. வரலாற்றை மிக விரிவாகப் பேசும் பாடற்றொகுதியே ஊர்ப்பெயரின்றி நிற்பது கருதத்தக்கது.

அப்பதிகத்தின் பொருளமைப்பும் தனித்தன்மை உடையது. திருமாலும் நான்முகனும் ஏன் காணவில்லை என்பதற்கு அப்பர் கூறும் விடை வியப்பைத் தருவது. அவர்கள் மலர் பறித்து இடவில்லை. நீர் கொண்டு ஆட்டவில்லை. கோயிலில் அன்றாடம் அடியார் ஆற்றும் தொண்டுகளுள் ஒன்றையும் செய்யவில்லை. அவற்றைச் செய்யாமலே பெருமானின் அளவைக் காணப் புகுந்தனர் என்று பாடல்தோறும் அடுக்குகின்றார். எனவே, சிவன் திருமாலை வென்றான் என்னும் சமயப் பூசலுக்கு அப்பர் அங்கு முதன்மை தரவில்லை. செருக்கால் தேடுவோர்க்கு அகப்படாதது தொண்டால் எளிதாகும் என்பதே அவர் கருத்து. வானமும் பாதாளமும் துருவியவர் காணாததைத் திருமுற்றம் பெருக்கும் அடியவன் காண்பான் என்னும் இக்கருத்து, பக்தி இயக்கத்தின் உயிர்நிலை எனலாம்.

அப்பதிகத்தின் இறுதிப் பாடல் சிற்ப வரலாற்றுக்கும் சான்றாகின்றது. எங்கும் தேடித் திரிந்தும் காணாதவர்முன், இங்குள்ளேன் என இலிங்கத்தினுள்ளே பெருமான் தோன்றினான் என்று அது முடிகின்றது. அழல், இலிங்கம், அதனுள் தோன்றும் உருவம் என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்த காட்சி இது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தவர் அப்பர் என்பது அறிஞர் பலர்க்கும் உடன்பாடு. ஆகவே, ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இலிங்கோற்பவ வடிவத்தின் கரு தமிழ்ப் பாட்டில் உருப்பெற்றுவிட்டது. மாணிக்கவாசகரும் திருத்தோணோக்கத்தில் இவ்வரலாற்றைப் பாடி, இருவர் பேதைமையும் அடங்கப் பரம்பொருள் அழலுருவாய் நின்றதைப் போற்றுகின்றார்.

கல்லில் வடித்த முறை

பாட்டில் உருப்பெற்ற காட்சியைக் கல்லில் அமைத்தல் எளிதன்று. எல்லையற்றதை எல்லையுள்ள கல்லில் எவ்வாறு காட்டுவது என்பதே சிற்பியின் முன் நின்ற வினா. ஆந்திர நாட்டுக் குடிமல்லத்தில் உள்ள தொன்மையான இலிங்கத்தில், சிவன் உருவம் முன்புறத்தில் முழுமையாகச் செதுக்கப்பட்டுள்ளது. கிறித்துவுக்கு முற்பட்டதென அறிஞர் பலர் மதிக்கும் அவ்விலிங்கத்தில், பெருமான் ஒரு குறளுருவின் தோள்மீது அடி ஊன்றி நிற்கின்றான். அங்கே உருவம் இலிங்கத்தின்மேல் பொருந்தியுள்ளதேயன்றி அதனுள்ளிருந்து தோன்றவில்லை. அடியும் முடியும் நன்கு காணப்படுகின்றன. எனவே அதனை இலிங்கோற்பவர் வடிவமெனக் கூறுதல் பொருந்தாது.

இலிங்கோற்பவர் வடிவம் வேறு நெறியில் அமைந்தது. இலிங்கத்தின் முகப்பில் நீண்ட பிளவொன்று அமைத்து, அதனுள்ளே சந்திரசேகர வடிவில் பெருமானை நிறுத்துவர். பின்கைகளில் மழுவும் மானும், முன்கைகளில் ஒன்றில் அஞ்சேல் என்னும் குறிப்பும் இருக்கும். முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி செதுக்கப்படாமல் இலிங்கத்துள் மறைந்துவிடும். மேலே அன்னமும், கீழே நிலம் அகழும் ஏனமும் காட்டப்பெறும். சில இடங்களில் மாலும் அயனும் இருபுறமும் கைகூப்பி நிற்பர். இலிங்கத்தின் நீளத்தில் மேலும் கீழும் ஒரு பங்கு வெறுமையாக விடப்பெறல் வேண்டும் என்று ஆகமம் விதிக்கின்றது. இவ்விதிகளைத் தொகுத்து ஆராய்ந்தவர் து. அ. கோபிநாதராவ் ஆவர், இந்து சமயத் திருவுருவங்களைப் பற்றிய அவர் நூல் 1914 முதல் 1916 வரை வெளிவந்தது.

அடியைச் செதுக்காது விடுதல் இங்குக் குறையன்று. அதுவே வடிவத்தின் பொருள். சிற்பி எதனைச் செதுக்கவில்லையோ அதுவே திருமால் காணாதது. வழிபடுவோனும் அவ்வடியைக் காண்பதில்லை. ஆயினும் இருவர்க்கும் எட்டாத திருமுகத்தையும் அஞ்சேல் என்ற கையையும் காண்கின்றான். அப்பர் பாட்டின் கருத்து உளியின் மொழியில் இவ்வாறு பெயர்ந்துள்ளது.

இவ்வடிவத்தின் தொன்மையான சான்றுகள் எங்குள்ளன என்பதை நோக்குதல் வேண்டும். காஞ்சிபுரத்தில் இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த கயிலாசநாதர் கோயிலில் இவ்வடிவம் உள்ளது. புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமெய்யத்தில், சிவனுக்குரிய குடைவரையில் கருவறைக்கு எதிர்ச்சுவரில் பேருருவாக இலிங்கோற்பவர் புடைப்புச் சிற்பமாகத் திகழ்கின்றார். தமிழகத்திற்கு அப்பால் எல்லோராவின் தசாவதாரக் குடைவரையில், தீக்கொழுந்துகள் எழும் இலிங்கத்தினின்று பெருமான் தோன்றும் காட்சி எட்டாம் நூற்றாண்டிலேயே அமைக்கப்பெற்றது. பல்லவர் தலைநகர், பாண்டிநாட்டு எல்லை, இராட்டிரகூடர் நாடு என ஒன்றற்கொன்று சேய்மையான இடங்களில் இவ்வடிவம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள் காணப்படுகின்றது. இவற்றுள் ஒன்றேனும் அண்ணாமலையைச் சுட்டுவதற்குரிய அடையாளம் எதனையும் கொண்டிலது.

திருமெய்யம் மற்றொரு வகையாலும் நினைக்கத்தக்கது. அங்கு ஒரே குன்றின் பாறையில், சிவன் குடைவரைக்கு அணித்தே பள்ளிகொண்ட திருமாலின் குடைவரையும் உள்ளது. இருவேறு கோயிலார்க்கும் இடையே எழுந்த வழக்கைப் போசளர் படைத்தலைவன் அப்பண்ண தண்டநாயக்கன் கி. பி. 1245-இல் தீர்த்துவைத்ததைக் கல்வெட்டு உணர்த்துகின்றது. அடிமுடி தேடிய வரலாறு பாட்டில் தொண்டின் உயர்வைக் காட்ட எழுந்தது. ஆயினும் ஒரே குன்றில் வாழ்ந்த இரு சமயத்தார்க்கிடையே அச்சிற்பம் எத்தகைய உணர்வைத் தூண்டியிருக்கும் என்பதையும் வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

மேலைச் சுவரில் நிலைபெற்றமை

இன்று மேலைச் சுவரின் நடுமாடம் இலிங்கோற்பவர்க்கே உரியது என்னும் எண்ணம் வேரூன்றியுள்ளது. ஆயின், முற்காலச் சோழர் கோயில்களில் இவ்வரையறை இல்லை. குடந்தை நாகேசுவரர் கோயிலில் அம்மாடத்தில் உமையொருபாகர் நிற்கின்றார். திருமாலுக்கு அவ்விடத்தை அளித்த கோயில்களும் உள. புள்ளமங்கைக் கோயிலில், முதற் பராந்தகன் காலத்தையொட்டி, இலிங்கோற்பவர் அங்கு இடம்பெறுகின்றார். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், செம்பியன் மாதேவியார் கற்றளிகளாக எடுப்பித்த கோயில்களின் காலத்திலேயே இவ்வழக்கு உறுதிப்படுகின்றது. தம் கணவர் கண்டராதித்தரின் நினைவாக அவ்வம்மையார் எடுப்பித்த கோனேரிராசபுரத்துக் கோயில் இவற்றுள் சிறந்தது.

இவ்விடம் தேர்ந்தெடுக்கப்பெற்றதன் கருத்தும் எளிதில் உணரத்தக்கது. கிழக்கு நோக்கிய கோயிலில், மேலைச்சுவர் மூல இலிங்கத்தின் நேர்பின்னே உள்ளது. உள்ளே அருவுருவாகிய இலிங்கம். அதே நேர்கோட்டில் புறத்தே, இலிங்கத்தினின்று வெளிப்படும் உருவம். முன்னே நின்று கண்ட இலிங்கத்தின் உட்பொருளைப் பின்னே வலம் வந்தவன் காண்கின்றான். வலம் வருதலும் இலிங்கோற்பவர் காட்சியும் இவ்வாறு ஒன்றனோடு ஒன்று பிணைந்தன. மாசித் திங்கள் சிவராத்திரியின் நள்ளிரவை இலிங்கோற்பவ காலம் என வழங்கி, அப்பொழுது இம்மாடத்தின் முன் சிறப்பு வழிபாடு இயற்றும் வழக்கம் இப்பிணைப்பை மேலும் உரமாக்கியது. பின்னர் நாம் ஆராயவிருக்கும் மலைவலத்திற்கு இக்கருத்து அடிப்படையாகும்.

கார்த்திகை விளக்கு

மூன்றாவது கூறாகிய விளக்கு, ஏனைய இரண்டினும் தொன்மை வாய்ந்தது. அறுமீன் திங்களோடு கூடும் நாளில் தெருவெங்கும் விளக்கேற்றி மாலை தொங்கவிட்டுக் கொண்டாடிய விழாவை அகநானூறு குறிக்கின்றது. நற்றிணையிலும் அறுமீனையொட்டிய விளக்கு நிரை உவமையாகின்றது. களவழி நாற்பது, கார்த்திகைச் சாற்றில் ஏற்றிய விளக்குகளைப் போர்க்களக் காட்சிக்கு உவமை கூறுகின்றது. இவற்றுள் எதனிலும் அடிமுடி தேடிய வரலாறு இல்லை. இது மழைக்காலத்து இறுதியில் இல்லந்தோறும் தெருத்தோறும் மக்கள் எடுத்த ஒளிவிழா.

சம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகத்தில் தொன்றுதொட்டு வரும் கார்த்திகை விளக்கீடு பேசப்படுகின்றது. தொன்மை வாய்ந்ததாக அவர் போற்றும் அவ்விழா கபாலீச்சரத்துக்குரியது. அண்ணாமலைப் பதிகங்களிலோ மலையுச்சி விளக்குப் பற்றிய குறிப்பு இல்லை. குன்றின்மேல் விளக்கேற்றும் வழக்கத்திற்குத் தெளிவான இலக்கியச் சான்று, சமணப் பெருங்காப்பியமாகிய சீவகசிந்தாமணியிற் கிடைக்கின்றது. மலர் விரிந்த தோற்றத்திற்குக் குன்றில் ஏற்றிய கார்த்திகை விளக்கை உவமையாக்குகின்றார் திருத்தக்கதேவர். இன்ன குன்று என்று அவர் சுட்டவில்லை. உவமை, கற்போர் அனைவரும் அறிந்த பொருளாதல் வேண்டும் என்பது மரபு. எனவே, அவர் காலத்தில் குன்றுகளில் கார்த்திகை விளக்கு எடுத்தல் பொது வழக்காக இருந்தது என்று கொள்ளலாம். சமணப் புலவர் ஒருவர் இதனை எளிதாக எடுத்தாள்வதால், அவ்வழக்கம் ஒரு சமயத்தார்க்கே உரியதாக அன்று கருதப்படவில்லை என்பதும் பெறப்படும்.

அண்ணாமலை என்னும் பெயர்

கதை பொதுவாகவும், சிற்பம் பொதுவாகவும், விளக்குப் பொதுவாகவும் இருக்க, மூன்றும் இம்மலையிற் கூடியதற்குக் காரணம் யாது? மலையின் தோற்றம் முதற் காரணம். 2,668 அடி உயரமுடைய இம்மலை, சமவெளியில் தனித்து எழுந்து நெடுந்தொலைவு காணப்படுவது. எரிமலையின் எச்சம் என்று சிலர் கூறுவது பொருந்தாது. இது பழமையான கரும்பாறைகளாலாகிய மலையேயாகும். இதன் உச்சியில் ஏற்றும் ஒரு விளக்குச் சுற்றுப்புறத்து ஊர்கள் பலவற்றிற்கும் புலனாகும்.

இரண்டாவது காரணம் பெயர். அண்ணுதல் என்பது அணுகுதல். அதனடியாகப் பிறந்த அண்ணா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக நின்று, அணுகவொண்ணாத மலை எனப் பொருள் தரும். அண்ணாத்தல் என்பதற்குத் தலைநிமிர்ந்து நோக்குதல் என்னும் பொருளும் உண்டு. அதனோடு இயைத்து, அண்ணாந்து காணும் உயர்மலை என்று கொள்வாரும் உளர். இரண்டும் முதலில் மலையின் செங்குத்தையும் உயரத்தையும் கருதி எழுந்தவை எனல் தகும். ஆயினும், அணுகவியலாமை என்னும் பொருள், அடிமுடி காணப்படாமை என்னும் சமயக் கருத்துக்குக் கதவு திறந்து வைத்தது. பல மலைகளுள் இம்மலையே அவ்வரலாற்றை ஏற்றதற்கு இச்சொற்பொருள் துணைசெய்தது என்று கருதலாம்.

அருணாசலம் என்னும் வடமொழிப் பெயர் செம்மலை எனப் பொருள்படுவது. அழலின் நிறத்தை அது சுட்டுவதால் வரலாற்றோடு நன்கு பொருந்துகின்றது. தேவார ஆசிரியர்கள் வழங்கிய பெயர் அண்ணாமலையே. எனவே, அருணாசலம் என்பதே அண்ணாமலை எனத் திரிந்தது என்னும் கூற்று ஒலியானும் பொருளானும் காலத்தானும் ஏற்புடையதன்று. ஒரு பெயர் எட்டாமையையும், மற்றொன்று செந்நிறத்தையும் உணர்த்துவதால், இரண்டும் வெவ்வேறு நோக்கில் எழுந்த பெயர்கள் என்பதே பொருத்தமாகும்.

வேற்றுமை, உவமை, ஒருமை

மலைக்கும் இறைவனுக்கும் உள்ள தொடர்பை நூல்கள் எவ்வாறு கூறின என்பதைக் காலமுறையில் வைத்து நோக்கின், மூன்று படிகள் தோன்றும்.

முதற்படி தேவாரம். சம்பந்தர், பெருமானுக்குரிய மலையாக இதனைப் பாடுகின்றார். இத்தொடர்பு ஆறாம் வேற்றுமைக் கிழமைப் பொருளில் அமைந்தது. இரண்டாம் பதிகம் பாடல்தோறும் அண்ணாமலையார் என்றே முடிகின்றது, மலையையுடையார் அவர். அண்ணாமலையைத் தொழுவார் வினை அறும் என்றும் சம்பந்தர் கூறுவதால், மலையைத் தொழும் வழக்கம் அன்றே இருந்தது என்பதை மறுக்கவியலாது. ஆயின் உடையவனை முன்னிட்டு உடைமை தொழப்பட்டது. அன்றியும் ஊரையும் கோயிலையும் அச்சொல் ஆகுபெயராய்க் குறிக்கும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இரண்டாம் படி பெரியபுராணம். பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய சேக்கிழார், சம்பந்தர் பெண்ணையாற்றங்கரை அறையணிநல்லூரில் நின்று தொலைவில் அண்ணாமலையைக் கண்ட காட்சியைப் பாடுகின்றார். தேவர் பெருமானின் வடிவு போன்று அம்மலை தோன்றியது என்றும், அதனைக் கண்ணாற் பருகிக் கைதொழுதார் என்றும் கூறுகின்றார். போன்று என்னும் உவமவுருபு இங்கு உயிரான சொல். உடைமையாக இருந்த மலை, ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், உடையவனுக்கு ஒப்பாகிவிட்டது. எனினும் உவமைக்கும் பொருளுக்கும் இடையே நிற்கும் நூலிழை வேறுபாட்டைச் சேக்கிழார் அழிக்கவில்லை. சம்பந்தர் பாடலில் இல்லாத இக்கருத்தைத் தம் காலத்து வழிபாட்டு உணர்விலிருந்து அவர் பெற்றிருத்தல் வேண்டும்.

மூன்றாம் படி, வடமொழியில் காந்தபுராணத்தைச் சார்ந்த அருணாசல மான்மியமும், தமிழில் சைவ எல்லப்ப நாவலர் இயற்றிய அருணாசல புராணமும் ஆகிய நூல்களில் காணப்படும் நெறி. இங்கே மலையே இலிங்கம், அழற்றூணே மலை. முதல் யுகத்தில் அழலாகவும், அடுத்து மாணிக்கமாகவும், பின் பொன்னாகவும் விளங்கியது, கலியுகத்தில் கல்லாக நிற்கின்றது என்பர். கண்ணுக்குக் கல்லாகத் தோன்றும் பொருளை அழல் என்று கூறுதற்கு வேண்டிய விடையை இவ்யுகமுறை அளிக்கின்றது. உவமவுருபு தொக்கு, உருவகமும் கடந்து, இருபொருளும் ஒன்றேயாகிவிட்ட நிலை இது. 1896-இல் திருவண்ணாமலைக்கு வந்து 1950-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த இரமண முனிவர், மலையையே குருவாகவும் இறைவனாகவும் கொண்டு அருணாசல அட்சரமணமாலை பாடியது இப்படியின் அண்மைக்கால விளைவாகும்.

மலைவலமும் தீபமும்

மலையே இலிங்கம் என்னும் கருத்து நிலைபெற்றபின், முன்னர்த் தனித்திருந்த கூறுகள் புதிய பொருள் பெற்றன. கருவறையைச் சுற்றி வரும் வலம், மலையைச் சுற்றி வரும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் வலமாக விரிந்தது. வழியில் எண்திசைக் காவலர் பெயரால் அமைந்த எட்டு இலிங்கங்கள், கருவறைச் சுவர்களின் மாடங்களை ஒப்ப, திசைதோறும் நின்று வலத்தை வரையறுக்கின்றன. மலையின் மேலைப் பக்கத்தில் ஆதியண்ணாமலைக் கோயில் உள்ளது.

அண்ணாமலையார் கோயிலின் அமைப்பு இங்கு நோக்கத்தக்கது. மலையின் கீழையடியில் கிழக்கு நோக்கி அமைந்தது இக்கோயில். எனவே மலை அதற்கு மேற்கே எழுந்து நிற்கின்றது. பிற ஊர்களில் மேலை மாடத்து இலிங்கோற்பவர் திருச்சுற்று மதிலையே நோக்குவர். இங்கோ, அவர் நோக்கும் திசையில் மலை உள்ளது. காஞ்சியிலும் காவிரிக்கரையிலும் வளர்ந்த ஒரு சிற்ப மரபு, இம்மலையடிக்கு வந்தபோது தன் பொருளுக்கு நேரெதிரே நின்றது எனலாம்.

விளக்கும் அவ்வாறே. குன்றுதோறும் ஏற்றப்பெற்ற கார்த்திகை விளக்கு, இம்மலையில் அழற்றூணின் மறுதோற்றமாயிற்று. விடியலில் கோயிலினுள் பரணி தீபமும், மாலையில் மலையுச்சியில் பெருங்கொப்பரையில் நெய்யிட்டு மாதீபமும் ஏற்றுகின்றனர். அவ்வேளையில் உமையொருபாகர் திருமேனி வெளியே எழுந்தருளிச் சிறிதுபொழுது காட்சியளிக்கின்றது. யுகங்களைக் கடந்து கல்லாகக் குளிர்ந்தது, ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் அழலாகின்றது என்பது இவ்விழாவின் உட்பொருள். சங்க காலத் தெருக்களில் ஒளிர்ந்த விளக்கு இவ்வாறு ஒரு தத்துவத்தை ஏந்தி நிற்கின்றது.

பிற்கால அரசர் ஆதரவும் இவ்வுயர்வுக்குத் துணையாயிற்று. போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் பதினான்காம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தன் இருப்பிடமாகக் கொண்டான். பதினாறாம் நூற்றாண்டில் கிருட்டிணதேவராயர் ஆயிரக்கால் மண்டபம் எடுப்பித்து, 217 அடி உயரமுடைய கீழைக் கோபுரத் திருப்பணியையும் தொடங்கினார். தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் அதனை நிறைவுறுத்தினார். ஆயினும், அரசர் எடுத்த கோபுரமும் மலையின் முன் சிறிதாகவே தோன்றுகின்றது.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால், அடிமுடி தேடிய வரலாறு ஏழாம் நூற்றாண்டில் எல்லாத் தலங்களுக்கும் பொதுவாக வழங்கியது என்பதும், இலிங்கோற்பவர் வடிவம் அண்ணாமலையைச் சாராது பல நாடுகளில் உருப்பெற்றுச் சோழர் காலத்தில் மேலைச் சுவரில் நிலைபெற்றது என்பதும், கார்த்திகை விளக்கு இவ்விரண்டினும் தொன்மையானது என்பதும் பெறப்பட்டன. மலையின் தோற்றமும் பெயரும் இம்மூன்றையும் தன்பால் ஈர்த்தன. உடைமை, ஒப்பு, ஒருமை என்னும் மூன்று படிகளில், ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டுகளில், மலை இறைவனாயிற்று.

இம்முடிபு தலத்தின் பெருமையைக் குறைப்பதன்று. தலபுராணத்தைத் தொன்மைச் சான்றாகக் கொண்டு சிற்பத்தையும் தேவாரத்தையும் அதன் விளைவுகளாகக் கூறுவதே உண்மைக்கு மாறானது. அவ்வாறு கூறின், குறமகளிர் முத்தளந்த சாரலைப் பாடிய சம்பந்தரின் கண்ணையும், போன்று என்று நிறுத்திய சேக்கிழாரின் நுண்மையையும் நாம் இழந்துவிடுவோம். பழைய உரைகளிலும் கல்வெட்டுகளிலும் அண்ணாமலையைக் குறிக்கும் தொடர்களை இவ்வேற்றுமை உவமை நோக்கில் தொகுத்து ஆராய்வார், உவமை ஒருமையாக மாறிய காலத்தை இன்னும் நுட்பமாக வரையறுக்கலாம். பிற மலைத்தலங்கட்கும் இந்நெறி பொருந்துமா என்பது அடுத்து ஆராயத்தக்கது.